சோயாவுக்கு எந்தப் பொட்டாஷ் என்று சீட்டில் எழுதுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வேளாண் அலுவலர்களுக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

சோயா மொச்சைக்கு உரம் வாங்க வருகிறவரிடம் "பொட்டாஷ் ஒரு மூட்டை போடுங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். எந்தப் பொட்டாஷ், எத்தனை கிலோ, எப்போது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டருக்கு 40 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ் உரம் தரும் சத்து), அதாவது ஏக்கருக்கு 16 கிலோ. மியூரேட் ஆஃப் பொட்டாஷ் 27 கிலோவில் அது கிடைத்துவிடும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்றால் 32 கிலோ. 50 கிலோ மூட்டையை அப்படியே கொட்ட வேண்டியதில்லை.

மியூரேட்டில் கிட்டத்தட்டப் பாதி குளோரைடு. வடிகால் உள்ள மானாவாரிச் செம்மண்ணில் மழை அதைக் கீழே இறக்கிவிடும். அங்கே விலை கூடிய சல்பேட்டை விவசாயி தலையில் கட்டுவது நியாயமில்லை. உப்புத் தண்ணீர் ஏறும் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில்தான் சிக்கல். சோயாவில் சில ரகங்கள் குளோரைடை வேரிலேயே தடுத்துக்கொள்ளும். சில ரகங்கள் இலைக்கு ஏற்றிவிடும், இலை ஓரம் கருகும். பொட்டாஷ் பற்றாக்குறையிலும் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகித்தான் கருகுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், குளோரைடால் கருகிய பயிருக்கே இன்னும் மியூரேட் போட்டு மேலும் கெடுக்கிறோம். அதனால் மண் பரிசோதனையோடு தண்ணீர் பரிசோதனையையும் கேளுங்கள். உப்பு அதிகம் என்றால் சல்பேட் கொடுங்கள். 32 கிலோ சல்பேட்டில் ஐந்தரை கிலோ கந்தகமும் வருவதால், கந்தகத்துக்காக ஏக்கருக்குச் சொல்லப்படும் 88 கிலோ ஜிப்சத்தில் 30 கிலோ குறைக்கலாம். சல்பேட் வாங்க முடியாதவர் மியூரேட்டை விதைப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே, மழையைப் பார்த்துப் போடட்டும்.

கடையில் மியூரேட் இல்லையென்று 17:17:17 (தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 17 சதவீதம் உள்ள உரம்) கொடுப்பதை நிறுத்துங்கள். 16 கிலோ சாம்பல் சத்துக்கு அது 94 கிலோ வேண்டும். தழைச்சத்தும் 16 கிலோ சேர்ந்துவிடும். சோயாவுக்கு வேண்டியது 8 கிலோதான். மிஞ்சுகிற தழைச்சத்து, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சை மந்தமாக்கும். 20:20:0:13 மூட்டையில் (மூன்றாவது எண்தான் பொட்டாஷ், கடைசி எண் கந்தகம்) பொட்டாஷே கிடையாது, இதையும் சொல்லி விற்க வேண்டும்.

விதையும் உரமும் ஒரே சாலில் விழக் கூடாது. உப்பு பட்டால் முளைப்பு போய்விடும். விதைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ., கீழே 5 செ.மீ. தள்ளி விழட்டும்.

13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) இலையில் தெளித்தால் போதும் என்ற பேச்சும் நடக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டரில் 2 கிலோ கலந்து அடித்தால் கிடைப்பது 900 கிராம் சாம்பல் சத்து. ஒரு டன் மணி நிலத்திலிருந்து எடுத்துப் போவதோ ஏறத்தாழ 20 கிலோ. கொடியும் மாட்டுக்குப் போனால் இன்னும் கூடும்.

ஆடிப்பட்டத்துக்கு முன் இந்தக் கணக்கை ஒவ்வொரு சங்கக் கடையின் பலகையிலும் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
இரு மாவட்டச் சோயா விவசாயிகள்