தாவோஸ் வீட்டுச் சுவர்

அன்பு நண்பா,

உன் மாமனார் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துத் தாவோஸ் (Taos) ஊரில் விட்டுச்சென்ற வீட்டின் படங்கள் வந்து சேர்ந்தன. ஓவியங்களுக்குக் கண்ணாடி போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அது இருக்கட்டும். வடக்குச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறதே, எனக்குக் கவலை அதில்தான்.

மண்சுவர் ஓதத்தை இழுக்கும். காற்றிலும் வெயிலிலும் விட்டுவிடும். வெளியே பூசியிருக்கும் சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. வெயிலுக்கும் குளிருக்கும் சிமெண்ட் ஒரு மாதிரி அசையும், மண் வேறு மாதிரி அசையும். மயிரிழை விரிசல் விழும், மழை இறங்கும், சுவரின் அடியிலுள்ள பச்சைக்கல் (சுடாத மண்கல்) உள்ளேயே சேறாகும். உங்கள் பக்கத்து ரான்சோஸ் தே தாவோஸ் தேவாலயத்துக்கு 1967இல் சிமெண்ட் பூசி இதே வினையைத் தேடிக்கொண்டார்கள். 1970களின் இறுதியில் அதை உரித்துவிட்டு மண்பூச்சுக்குத் திரும்பினார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஜூனில் ஊர் கூடி மண் பூசுகிறது.

முதலில் கூரையைப் பார். மட்டக் கூரை என்பதால் தண்ணீர் முழுவதும் மரத் தூம்புகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒன்று அடைத்தாலும் அதன் கீழ்ச் சுவர் போச்சு. சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தியை எடுத்துவிட்டு, தரையை வெளிப்பக்கம் சரியும்படி வெட்டு.

சிமெண்டை ஒரே மூச்சில் உரிக்காதே. ஈரமான பச்சைக்கல் பாரம் தாங்காது. உத்தரங்களுக்கு உள்ளே முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு மீட்டர் அகலம் உரித்து, நன்றாக உலரவிட்டு, அடுத்ததற்குப் போ. அரித்த இடத்தில் கான்கிரீட் வைக்காதே. நன்றாகக் காய்ந்த பச்சைக்கல்லை அதே மண்ணைக் குழைத்து வை. பூச்சுக்கு ஒரு பங்கு களிமண், இரண்டு முதல் மூன்று பங்கு மணல், நறுக்கிய வைக்கோல். மண்ணுக்கு மண் மாறும் என்பதால் சுவரில் நான்கைந்து கலவைகளைச் சோதித்துப் பார். வெடித்தால் களிமண் அதிகம்; கை வைத்ததும் உதிர்ந்தால் மணல் அதிகம். உறைபனிக் காலத்துக்கு முன் பூச்சு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

சுவர் உலரும்போது அந்த ஈரம் அறைக்குள்ளும் வரும், தூசியும் பறக்கும். அதனால் சேகரிப்பை இப்போதே வெளிச்சுவர்களிலிருந்து இறக்கி, வீட்டின் நடு அறைக்கு மாற்று. மரப் புனிதர் சிலைகளை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மரத்தின் மேல் ஜிப்சம் பூச்சு, அதன் மேல் நீரில் கரையும் வண்ணம். துணி பட்டால் முகமே போய்விடும். மென்மையான தூரிகை போதும். பெயர்ந்து நிற்கும் செதிலை நீயாக ஒட்டாதே.

நவஹோ பழங்குடியினர் நெய்த கம்பளியில் அந்துப்பூச்சி அரித்திருக்கிறது என்றாய். பாலிதீன் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, கழித்தல் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் 24 மணி நேரம் உறையைத் திறக்காதே; திறந்தால் கம்பளி மேல் நீர் கோத்துவிடும்.

பூச்சு உலர்ந்தபின் ஓவியங்களை மாட்டும்போது, சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு வைத்து இரண்டு சென்டிமீட்டர் காற்றோட்டம் விடு. அடுப்பு மாடத்துக்கு மேல் எதையும் மாட்டாதே.

ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி அளவு, பூச்சுக்கு எடுக்கும் மண்ணைப் போட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி ஒரு நாள் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. மணலும் களிமண்ணும் எவ்வளவு படிகிறது என்று பார்த்துக் கலவையைப் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்