நாய் மோப்பம் பிடிக்கிறது என்று சொன்னால், தயவுசெய்து தொட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டு நாய் மணி, அம்மாவின் இடது மார்பையே மோந்துகொண்டிருந்தது. அவர் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தால் போதும், முந்தானைக்குள் மூக்கை நுழைத்து முனகும். விரட்டினாலும் திரும்ப அதே இடத்துக்கு வரும்.

உங்களில் ஒருவரிடம் அம்மா இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்த டோக்கன்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். டாக்டர் சிரித்தார். "நாய்னா மோப்பம் பிடிக்கத்தானேம்மா செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தொட்டுப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்த அம்மா, ஏழு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். இப்போது கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. 1989-இல் லண்டன் மருத்துவர்கள் இருவர் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்களே, ஒரு பெண்ணின் காலிலிருந்த மச்சத்தை அவருடைய நாய் உடைக்கு மேலேயே விடாமல் மோந்தது, கடித்தெடுக்கவும் பார்த்தது என்று. சோதித்தால் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். 2004-இல் இங்கிலாந்தில் ஆறு நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை மோந்து கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சோதனையில் 54 முறைக்கு 22 முறைதான் சரியாகக் காட்டின. நாயின் மூக்கு ஸ்கேனுக்கு ஈடாகாது என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்தப் பயிற்சியின்போது நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். நோயில்லை என்று எடுத்துவைத்த ஒருவரின் சிறுநீரையே எல்லா நாய்களும் காட்டின. அவருடைய மருத்துவர் அதை ஒதுக்கவில்லை, மறுபடி சோதித்தார். வலது சிறுநீரகத்தில் புற்று இருந்தது.

அந்த ஒரு மறுசோதனையைத்தான் கேட்கிறேன்.

மார்பைப் பற்றி ஓர் ஆண் டாக்டரிடம், அதுவும் கதவு திறந்திருக்கும் அறையில் பேச, என் அம்மாவுக்கு நாயைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மூன்று மணிநேரம் காத்திருந்தவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தீர்கள். அந்த இரண்டு நிமிடத்திலும் சிரித்தீர்கள். கூட்டம் அதிகம், ஆள் போதாது என்பீர்கள். சரி, தெரியும். அதற்காகக் கதவைச் சாத்தக்கூடவா முடியாது?

கோபத்தில் ஏதாவது கூடிப்போயிருந்தால் மன்னியுங்கள். இனி ஒரு அம்மா வந்து, "நாய் இந்த இடத்தையே மோந்துகிட்டிருக்கு டாக்டர்" என்று சொன்னால், கதவைச் சாத்துங்கள், நர்ஸம்மாவைக் கூப்பிடுங்கள், தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்