பெட்டி கட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் பணியாற்றும் அமெரிக்க ராணுவத்தினருக்கு நம் அட்லாண்டா தமிழ்ப் பிள்ளைகள் பெட்டி கட்டிய படங்களைச் சென்ற இதழில் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது. என் தம்பி மகன் ராணுவ ரிசர்வில், அதாவது தேவைப்படும்போது பணிக்கு அழைக்கும் படையில், இருக்கிறான். ஒன்பது மாதம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவன். அந்த ஒன்பது மாதமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்கு அலைந்தவள் நான். அதனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அவன் போய் இறங்கியது ஜூலை மாதம். ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் முதல் பெட்டியைக் கட்டினேன். தேன்குழல், ரிப்பன் பக்கோடா, பருப்புப் பொடி, இரண்டு பாக்கெட் சாக்லேட், நாலு கட்டி சோப்பு. ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று சோப்பைத் தேன்குழலுக்குப் பக்கத்திலேயே செருகினேன். பெட்டி போய்ச் சேர 18 நாள் ஆனது. குவைத்தில் வெயில் 50 டிகிரியைத் தொடும் நேரம் அது. சாக்லேட் உருகி எல்லாவற்றின் மேலும் அப்பிக்கொண்டது. தேன்குழலை வாயில் போட்டால் சோப்பு மணம். போனில் என்னிடம் "சூப்பர் அத்தை" என்றுதான் சொன்னான். அவன் அம்மாவிடம் சொன்ன உண்மை இரண்டு மாதம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவன் சொன்ன பட்டியலில் ஒரு இனிப்புகூட இல்லை. வெட் வைப்ஸ், காலுக்குப் போடும் பவுடர், மணல் புகாமல் சாமான் வைக்க ஜிப்லாக் பை, தடித்த சாக்ஸ். சாக்ஸும் கறுப்பு, இல்லையென்றால் காக்கி மாதிரி நிறம்தான். பூப்போட்டதும் சிவப்பும் சீருடையோடு போட முடியாது. கடைசியாக, கொஞ்சம் தயங்கி, மிளகாய்ப் பொடி. எங்கள் வீட்டுப் பிள்ளை சைவம். முகாமுக்கு வெளியே போகும் நாட்களில் கிடைக்கும் எம்ஆர்இ பொட்டலச் சாப்பாட்டில் 24 வகை உண்டு, அதில் சைவம் நாலே நாலு. அதையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டவனுக்கு ஒரு ஸ்பூன் இட்லி மிளகாய்ப் பொடி என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் அறையில் இருந்த அலபாமா பையன் அதை நூடுல்ஸில் தூவிச் சாப்பிட்டுப் பழகி, அடுத்த பெட்டி எப்போது வரும் என்று இவனை நச்சரித்தானாம்.

உங்கள் படங்களில் பெட்டிகளுக்குள் பார்த்தது பெரும்பாலும் ஹாலோவீனில் மிஞ்சிய மிட்டாயும், ஓட்டல் அறைகளிலிருந்து கொண்டுவந்த குட்டிச் சோப்புகளும், ஷேவிங் கிரீமும். கொடுத்தவர்களின் மனசில் குறையே இல்லை. ஆனால் அமெரிக்கப் படையில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் பெண். என் தம்பி மகனின் அணியில் இருந்த ஒரு பெண்ணுக்கு வந்த மூன்று பெட்டியிலும் ஆண்களுக்கான ஷேவிங் ரேசர்தான் இருந்ததாம். ஒரு ஹேர்பேண்ட், ஒரு லிப் பாம், நல்ல லோஷன் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதை அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில், 1914 கிறிஸ்துமஸுக்கு, இளவரசி மேரி பெயரில் வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டி கொடுத்தார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெட்டியில் சிகரெட்டும் புகையிலையும். புகைக்காதவருக்கு மிட்டாயும் எழுதுபொருளும். இந்தியாவிலிருந்து பிரான்ஸ் குளிருக்குப் போன சீக்கியச் சிப்பாய்களுக்குப் புகையிலை ஆகாது என்று அவர்களுக்குக் கற்கண்டும், ஒரு சின்ன டப்பாவில் மசாலாச் சாமானும். பனியில் நனைந்த பதுங்குகுழியில் அந்த டப்பாவைத் திறந்தவனுக்கு வீட்டு அடுப்படி வாசம் வந்திருக்கும். இவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்ததால் வந்தது அது.

"யாரைக் கேட்பது, எங்களுக்கு ஆளே தெரியாதே" என்பார்கள். உண்மைதான். பெயரில்லாமல் 'யாராவது ஒரு வீரருக்கு' என்று அனுப்பும் வழியை 2001இல் யாரோ ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியைக் கடிதங்களில் வைத்து அனுப்பிய பிறகு நிறுத்திவிட்டார்கள். ஒரு பெயரும் ஏபிஓ என்கிற ராணுவத் தபால் முகவரியும் வேண்டும். அதற்குத் தேவாலயங்களும் முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களும் உதவும். நம் தமிழ்க் குடும்பங்களிலும் தேடலாம். வேற்று மொழி தெரிந்த வெளிநாட்டவரை ராணுவத்தில் சேர்க்க 2009இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் இருந்தது, அது தவிர இங்கேயே பிறந்து சேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆள் கிடைத்துவிட்டால் தபால் செலவு பெரிதில்லை. ஏபிஓ முகவரிக்கு உள்நாட்டுக் கட்டணம்தான். ஒரே கட்டணப் பெட்டியைத் தபால் நிலையத்தில் சும்மாவே தருவார்கள், 70 பவுண்டு வரை எடை போகும். சுங்கப் படிவத்தில் மட்டும் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஒரு வேண்டுகோள்: உங்கள் படம் ஒன்றில் பெட்டியின் மேல் ஒட்டிய பெயரும் முகவரியும் தெளிவாகப் படிக்க முடிகிறது. இணையத்தில் இருக்கும் படத்திலாவது அதை மறைத்துவிடுங்கள்.

இன்னொன்று மனசை உறுத்துகிறது. நவம்பரில் முன்னாள் ராணுவத்தினர் தினம் வந்தால்தான் நமக்கு இவர்கள் ஞாபகம். ஆப்கானிஸ்தானிலிருந்து 2021 ஆகஸ்டில் கடைசி விமானம் கிளம்பியதோடு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தென்கொரியாவில் மட்டுமே சுமார் 28,500 பேர் இருக்கிறார்கள். 2024 ஜனவரி 28 அன்று ஜோர்டானில் டவர் 22 முகாமில், தூங்கும் இடத்தை டிரோன் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் நம் ஜார்ஜியா மாநிலத்துக்காரர்கள், ரிசர்வ் படையினர். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை. அந்த முகாமுக்கு ஜனவரியில் யார் பெட்டி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் தோன்றிக்கொண்டே இருக்கிறது. மார்ச்சிலும் ஜூனிலும் ஒவ்வொரு தடவை கட்டினால் என்ன?

பிள்ளைகள் எழுதும் அட்டையை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டாம். 'உங்கள் சேவைக்கு நன்றி' என்று எல்லோரையும் ஒரே மாதிரி எழுதச் சொல்லாமல் அவரவர் போக்கில் விடுங்கள். நான் சொல்லித்தரும் தமிழ் வகுப்பில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி நிலாவை வரைந்து, கீழே தமிழில் "அங்கே ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று எழுதினாள். 'தூக்கம்' என்பதில் க்-கை விட்டுவிட்டாள். திருத்தாமல் அப்படியே அனுப்பினேன். தம்பி மகன் அதை லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தான், திரும்பும்போது பத்திரமாகக் கொண்டும் வந்தான். அவளுக்குப் பதிலும் எழுதினான்: "இன்னைக்கு வந்துச்சு."

அடுத்த முறை பெட்டி கட்டும் தேதியை இதழில் முன்கூட்டியே போடுங்கள். டேப்பும், சீல் உடைக்காத மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டுகளும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அட்லாண்டா வாசகி ஒருவர்