ஸ்டேஜ் வேறு, கிரேடு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தைராய்டு புற்றுநோய்க் கட்டுரையில் ஸ்டேஜையும் கிரேடையும் ஒன்றாகவே எழுதியிருக்கிறார்கள். முப்பது வருடம் பேத்தாலஜி (திசுவைச் சோதிக்கும்) லேபில் ஸ்லைடு போட்டவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். தைராய்டு புற்றுநோயில் பாப்பிலரி, ஃபாலிகுலர் என்ற வகைகளில் வயதும் இந்தக் கணக்கில் சேரும். 55 வயதுக்குக் கீழே என்றால் கழுத்து நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவியிருந்தாலும் முதல் ஸ்டேஜ்தான். நுரையீரலுக்கே போயிருந்தாலும் இரண்டைத் தாண்டாது.

கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் தெரிகிற குணம். கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கைச் சில மைக்ரான் கனத்தில் சீவி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிக் கொடுப்போம். டாக்டர் அதில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை ஒவ்வொன்றாக எண்ணுவார். நடுவில் செத்துப்போன திசு இருக்கிறதா என்றும் தேடுவார். அது ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் என்பதால், "இன்னும் நாலு பிளாக் போடும்மா" என்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்பார். அப்போது எரிச்சலாகத்தான் இருக்கும்.

2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதற்குத் தனி இடமே கொடுத்துவிட்டது. 2 சதுர மில்லிமீட்டரில் பிரியும் செல்கள் 5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, செத்த திசு இருந்தாலோ, அது பாப்பிலரியே ஆனாலும் ஹை கிரேடுதான். சாதாரண பாப்பிலரிக்காரர்கள் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நன்றாக இருப்பார்கள். ஹை கிரேடில் அந்த நிம்மதி இல்லை. நுரையீரல், எலும்பு என்று பரவுவது அதிகம், ரேடியோ அயோடின் என்ற கதிரியக்க மருந்து பலனளிக்காமல் போவதும் அதிகம். ஆனாலும் அனாபிளாஸ்டிக் என்ற வகை அளவுக்கு மோசமில்லை; அது கண்டுபிடித்த அன்றே நான்காம் ஸ்டேஜ். மெடுல்லரி என்ற இன்னொரு வகைக்கும் இப்போது கிரேடு பார்க்கிறார்கள்.

ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் டெஸ்டில் பிரியும் செல்களைச் சரியாக எண்ண முடியாது. ஆபரேஷனில் கட்டி வெளியே வந்த பிறகுதான் தெரியும். ஆகவே "தைராய்டுதானே, நல்ல கேன்சர்" என்று கட்டுரையில் எழுதியதுபோல எல்லோருக்கும் சொல்லிவிடக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பின் வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் மைட்டோசிஸ் (செல் பிரிதல்), நெக்ரோசிஸ் (செத்த திசு) என்ற வரிகள் இருக்கிறதா என்று வாசகர்கள் பார்க்கட்டும். பழைய ரிப்போர்ட்டில் இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். மெழுகு பிளாக் வருடக்கணக்கில் கெடாது. லேபில் எடுத்து வைத்திருந்தால் மறுபடி சீவிப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், மதுரை