தசை தளர்வதற்கும் செலவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் கெண்டைக்கால் குரக்கு வலி பற்றிய கட்டுரையைப் படித்தேன். ராத்திரியில் சதை பிடித்துக்கொண்டால் முன்பாதத்தை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடிக்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால், 'தசை சுருங்கத்தான் ஆற்றல் வேண்டும், வேலை முடிந்தால் அது தானாகத் தளர்ந்துவிடும்' என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவன் என்பதால் அதை அப்படியே விட மனம் வரவில்லை.

நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்ததும் தசைநார் முழுக்க மின்தூண்டல் பரவுகிறது. உள்ளே இருக்கும் சார்கோபிளாச வலை என்ற சேமிப்புப் பையிலிருந்து கால்சியம் வெளியே கொட்டுகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டியதும், ஆக்டின் என்ற புரத இழையை மறைத்துக் கிடக்கும் ட்ரோபோமையோசின் என்ற இன்னொரு புரதம் விலகி வழிவிடுகிறது. மையோசின் என்ற மற்றொரு புரத இழையின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. கிணற்றில் தண்ணீர் சேந்துபவர் கயிற்றைக் கைமாற்றிப் பிடிப்பது போலத்தான்; பிடித்ததை விட்டால்தான் அடுத்த இழுப்பு. விடவைப்பது யார்? புதிதாக வந்து மையோசினில் ஒட்டும் ஏ.டி.பி., அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு. நரம்பின் ஆணை நின்ற பிறகும் கொட்டிய கால்சியத்தை வலைக்குள் திருப்பி ஏற்றியாக வேண்டும். அந்த வேலைக்கும் ஏ.டி.பி.தான் செலவாகிறது.

இதற்குச் சாட்சி சாவு வீடு. உயிர் பிரிந்ததுமே பெரியவர்கள் நாடிக்கட்டு போட்டு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தாமதித்தால் வாய் திறந்தபடியே விறைத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். மூச்சு நின்றால் கொஞ்ச நேரத்தில் ஏ.டி.பி. தீர்ந்துவிடுகிறது. கால்சியம் கசிந்துகொண்டே இருக்கும், திரும்ப ஏற்ற ஆளில்லை. பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையில் தெரியத் தொடங்கும் விறைப்பு, 12 மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் பரவும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஒன்றிரண்டு நாளில் அது விலகுவதையும் தளர்வு என்று சொல்ல முடியாது. அதற்குள் புரதங்களே சிதையத் தொடங்கியிருக்கும்.

குரக்கு வலியின் கதை வேறு. அங்கே ஏ.டி.பி. தீர்ந்துபோவதில்லை, நரம்பு ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டிருக்கிறது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தன்னைத் தானே நீட்டிக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் பாதத்தை நாம் இழுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடுமையாக உழைத்த மறுநாள் வரும் தசை வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வதும் பழைய பல்லவி. அது ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வெள்ளியங்கிரி போய் வந்தவர்களைக் கேளுங்கள்: ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை வலி இறங்கியதற்குப் பிறகுதான். இறங்கும்போது தொடைத் தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்வதால் நுண்ணிய சேதம் உண்டாகிறது.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். ஆக்டினும் மையோசினும் ஸ்பிரிங் மாதிரி சுருங்குவதாக வரைந்திருக்கிறீர்கள். அந்த எண்ணம் 1954லேயே அடிபட்டுப்போனது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கெயும் ஒரு கட்டுரை, ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொன்று. இரண்டும் 'நேச்சர்' ஆய்விதழின் ஒரே இதழில் வந்தன. (இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்.) இழைகளின் நீளம் மாறுவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன என்பதே அவர்கள் காட்டியது. பள்ளிப் பிள்ளைகள் உங்கள் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்த இதழில் சரியான படத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்