கூண்டுக் கோழியிடம் யார் உத்தரவு கேட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் கிராமக் கோயில்களில் கிடா வெட்டுவதைக் கண்டித்து வாசகர் கடிதங்கள் வருவது வழக்கமாகிவிட்டது. அவற்றை எழுதுவோரின் இரக்கத்தை நான் ஐயுறவில்லை. அந்த இரக்கம் ஏன் கோயில் வாசலைத் தாண்டி வருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை என் அப்பத்தா ஓராண்டுக்கு மேல் வளர்த்தார். அது அகத்திக் குழை தின்று, மந்தையில் மற்ற ஆடுகளோடு முட்டி விளையாடி, திண்ணையில் ஏறிப் படுத்துத் தன் போக்கில் திரிந்தது. வெட்டும் நாளில் மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகு, அது உடலைச் சிலிர்த்துத் துலுக்கும்வரை பூசாரி அரிவாளைத் தொடமாட்டார். துலுக்கினால்தான் ஆத்தா உத்தரவு கொடுத்ததாகப் பொருள். ஒருமுறை அரைமணி நேரமாகியும் ஆடு அசையாமல் நிற்க, பசியோடு காத்திருந்த பங்காளிகள் முணுமுணுத்தும் பூசாரி இணங்கவில்லை. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்பதை நானும் அறிவேன். அதை ஆட்டின் சம்மதம் என்று வாதிட மாட்டேன். ஆனாலும் ஓர் உயிரை எடுக்குமுன் நின்று கேட்க வேண்டும் என்ற அச்சம் அந்தச் சடங்கில் இருந்தது. பிராணியின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டலாகாது என்னும் இஸ்லாமிய நெறியிலும் அதே அச்சத்தைக் காண்கிறேன்.

இப்போதெல்லாம் அதே திருவிழாவில், வெட்டிய கிடா பந்திக்குப் பற்றாது என்று வண்டியில் கறிக்கோழிகளை இறக்குகிறோம். பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்குண்டு வரும், பிறந்து ஆறு வாரம்கூட ஆகாத அந்தக் கோழிகள்மேல் யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை.

கோயில் பலியைத் தடுக்க 1950-லேயே இங்கு சட்டம் இயற்றப்பட்டது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு முற்பட்டு, எதிர்ப்பு வலுத்ததால் 2004 பிப்ரவரியில் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஆறு மாதமும் டீக்கடை முதல் சட்டமன்றம் வரை நடந்த வாதங்களில் கூண்டுக் கோழியைப் பற்றி ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நாமக்கல் பக்கம் என் உறவினர் ஒருவர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அங்கே கம்பிக் கூண்டுக்குள் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளின் அளவுகூட இல்லை. ஏறத்தாழ 20-ஆம் வாரத்தில் முட்டையிடத் தொடங்குவது 72-ஆம் வாரம்வரை அங்கேயே நிற்கிறது. மண்ணைக் கிளற முடியாது, சிறகை முழுதாக விரிக்க முடியாது, ஒன்றையொன்று கொத்தாதிருக்க மூக்கு நுனியைக் குஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். முட்டையிடாத சேவல் குஞ்சுகள் பெரும்பாலும் பொரிப்பகத்தைவிட்டு உயிரோடு வெளியே வருவதில்லை. (புலால் உண்ணாதவர்களும் முற்றிலும் தப்பிவிட முடியாது. அபிஷேகத்துக்குக் குடம் குடமாகப் பால் வரும்போது, அந்தப் பசு ஈன்ற காளைக் கன்று என்னவாயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?)

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, மதம் விதிக்கும் முறையில் கொல்வதைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவோ, நியாயமாக அசைவதற்குக்கூட இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. முட்டைக்கோழிகளையும் கறிக்கோழிகளையும் வைத்திருக்கும் முறை குறித்து மத்திய சட்ட ஆணையம் 2017-இல் தனியே ஓர் அறிக்கை அளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய வெறும் கம்பிக் கூண்டுகள் 2012 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

உறவினரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “கூண்டைப் பெருசாக்கலாம் மாமா, முட்டைக்கு யாரு கூடக் காசு குடுப்பா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கூண்டு வந்த பிறகுதான் ஏழை வீட்டிலும் முட்டை அன்றாட உணவாயிற்று. சத்துணவில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முட்டையில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த முட்டைகளை மொத்தமாகக் கொள்முதல் செய்வது அரசு. அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒரு சிறு பங்கையாவது கூண்டில்லாப் பண்ணைகளுக்கு ஒதுக்கி, கூடுதல் விலையையும் அரசே ஏற்கலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலய விருந்துக் குழுக்கள் வாங்கும் இடத்திலேயே இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கலாம். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் பங்குனிக் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகங்கை மாவட்டம்.