பொடக்காலியைத் திறந்துவிட்ட ஆத்தாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வரவேண்டிய பணத்தைக் கேட்டு மில் வாசலில் எங்கள் பெண்கள் உட்கார்ந்த போராட்டம் முடிந்து, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று சனிக்கிழமை. இன்னும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் மில் வாசல் பந்தல்தான் தெரிகிறது. என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை; பல்லடம் பக்கத்தில் அதை அறியாதவர்கள் இல்லை. பிள்ளைகளுக்கு வரவேண்டிய பணம் வந்து சேர்ந்துவிட்டது. கடவுளுக்கு ஸ்தோத்திரம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத விடுங்கள்.

உட்கார்ந்த முதல் நாள், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, வெயிலுக்கு என்ன செய்வது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. நாற்பத்து மூன்று பெண்கள். மதியத்துக்கு மேல் ஒவ்வொருத்தியாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். காரணத்தைப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதரவுக்கு வந்திருந்த ஆண்கள் வேலியோரம் போய்விட்டு வந்தார்கள். பெண்கள் இருட்டுவதற்காகக் காத்திருந்தோம்.

எங்கள் ஆலயம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். வளாகத்தில் நல்ல கழிப்பறைகள் இருக்கின்றன. சாயங்காலம் கமிட்டி கூடிப் பேசியது. கிறிஸ்துமஸுக்கு நன்கொடை தருகிற மில்காரர்களோடு நமக்கு எதற்குப் பகை என்றார்கள். சாவி வரவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். அப்புறம் பேசாமல் இருந்துவிட்டேன். அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை, சாலைக்கு எதிர்ப்புறத்து வீட்டில் ஆத்தா ஒருவர் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் சீமாறோடு அப்படியே சாலையைக் கடந்து எங்களிடம் வந்தார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று ஒருத்தியையும் கேட்கவில்லை. எங்கள் சீமையில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைப் பார்த்து, “பெண்பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் அம்மிணி? பொடக்காலி திறந்துதான் கிடக்கிறது, வாருங்கள்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. வீட்டின் பின்புறத்தைத்தான் எங்கள் பக்கம் பொடக்காலி என்போம்.

மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கழிப்பறை. தகரக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழாது என்று உள்பக்கம் ஒரு கயிறு கட்டியிருந்தார். பச்சை வாளி, தண்ணீர் மொள்ள ஒரு போசி, தேய்ந்த சோப்பு. குழாயில் வாரத்துக்கு ஒரு முறை வரும் தண்ணீரைத்தான் அவரே பிடித்துவைத்துப் புழங்குகிறார். அதில் இரண்டு டிரம்மை எங்கள் பக்கம் தள்ளி வைத்தார்.

மூன்றாம் நாள் அந்த ஜன்னல் திண்டில் ஒரு துணிப்பொட்டலம் இருந்தது. வெளுத்த பழைய வேட்டியைக் கிழித்து, விரல் அளவு பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தார். எதற்கென்று அவர் சொல்லவில்லை; எங்கள் பிள்ளைகள் கேட்கவும் இல்லை. அந்த வாரம் அவருடைய ஊர் மாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். கம்பம் நட்ட ஊரில் தீட்டு என்றால் எவ்வளவு கடுமை என்று கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். காலையில் அந்தக் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த அதே கையால் அந்தத் துணியை மடித்து வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. மறுநாளும் கதவு திறந்துதான் இருந்தது. பதினொரு நாளும் இருந்தது.

பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. மரியாளின் பாட்டில் பசித்தவர்கள் நிரப்பப்படுகிறார்கள், ஐசுவரியவான்கள் வெறுமையாக அனுப்பப்படுகிறார்கள். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து வாசித்தது ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலையை. இதையெல்லாம் நான் சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். நியாயம் கேட்பது அரசியல், அது ஆலயத்துக்குள் வேண்டாம் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பக்கங்களை என்ன செய்வது?

அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஞானஸ்நானம் பெற்ற தலித் குடும்பத்தினர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார்கள். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை, கிறிஸ்தவர்களை இன்றும் வெளியில்தான் நிறுத்தியிருக்கிறது. மதம் மாறினால் சாதி போய்விட்டது என்று காகிதம் சொல்கிறது. ஊர்த் தடத்தில் நடக்கும்போது யாரும் அந்தக் காகிதத்தைப் பார்ப்பதில்லை. ஆலயத்துக்குள்ளும் பார்ப்பதில்லை என்பதுதான் என் வேதனை.

நேற்று முன்தினம் பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார்கள். வெள்ளைத் துண்டு, புதுப் பேசின், வெதுவெதுப்பான தண்ணீர். எனக்கு அந்தப் பச்சை வாளிதான் கண்ணில் நின்றது. ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளரிடம் போய், இனி ஆலயத்துக் கழிப்பறைச் சாவி என்னிடம் இருக்கட்டும், சாலையில் போகிற யாருக்கும் பகல் முழுக்கத் திறந்திருக்கட்டும், கழுவும் பொறுப்பு என்னுடையது என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை நான் பேசாமல் இருக்கமாட்டேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. திருப்பூரிலிருந்து வந்து கட்டணம் வாங்காமல் நின்ற வழக்கறிஞர், தொழிற்சங்கத் தோழர்கள், எங்கள் ஜெபத்துக்குத் தள்ளி நின்று வழிவிட்டுவிட்டு அப்புறம் தயிர்சாதம் பரிமாறிய ஈரோட்டுக் கறுப்புச் சட்டைக்காரர்கள், நோன்பு நாளிலும் தண்ணீர் கேன் சுமந்து வந்த பள்ளிவாசல் இளைஞர்கள், இரவில் துணைக்குப் படுத்துக்கொண்ட அருட்சகோதரிகள், நிறுத்தம் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், மதுரை அரசரடியில் படித்த இறையியலோடு எங்களுடன் தரையில் உட்கார்ந்த ஆயர்: உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆத்தா, உங்களுக்கு ஒரு செய்தி. பதினொரு நாளில் உங்கள் கழிப்பறைத் தொட்டியை நாங்கள் நிறைத்துவிட்டோம். திங்கள்கிழமை காலை லாரி வருகிறது. ஆள் யாரும் உள்ளே இறங்கக்கூடாது, இயந்திரத்தால் மட்டும்தான் உறிஞ்ச வேண்டும் என்று முதலிலேயே பேசியிருக்கிறோம்; பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்திருக்கிறது. செலவைப் பிள்ளைகள் வாங்கிய பணத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தாழ்ப்பாளுக்கு ஆசாரியும் அன்றைக்கே வருவார்.